வரி கொடுக்காதவர்களுக்கும் ஒரு நாற்காலி

எங்கள் ஊர்க் கலையரங்கத்துக்கு ஊர்க்காரர்களை வைத்து ஆலோசனைக் குழு போடப்போகிறார்கள் என்று சேதி பரவியபோது, பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "தலைக்கு எவ்வளவு கட்டணும்?"

இந்தப் பக்கத்தில் அது நியாயமான கேள்விதான். செட்டிநாட்டில் பொதுக்காரியம் என்றாலே புள்ளிக்கணக்கு. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் திருப்பணியோ, ஊருணி தூர்வாருவதோ, ஆகிற செலவைப் புள்ளிகளால் வகுத்து வரி போட்டுவிடுவார்கள். மற்ற சமூகத்தார் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் வாய் உண்டு. கணக்கைக் காட்டச் சொல்லலாம், காரியக்காரர் சரியில்லை என்றால் மாற்றச் சொல்லலாம்.

இந்தப் பக்கத்துக் கோயில்களும் ஊருணிகளும் இப்படி எழும்பியவைதான். அதனால் இந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கலையரங்கம் என்று வரும்போது ஓர் இடத்தில் இடிக்கிறது. பணம் போட்டவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று வந்தால்தான் உண்டு. நாற்காலியில் உட்காருகிறவர்கள் வேறு ஆட்கள். டவுன் பஸ்ஸில் வரும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடையை அடைத்துவிட்டு அவசரமாக வருகிறவர்கள், என்னைப் போலப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள். எங்களில் யாரும் அந்தக் கட்டடத்துக்கு ஒரு செங்கல்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. வரி கொடுக்காதவர் வாய் திறக்க ஓர் இடம் வேண்டுமென்றால், இந்தக் குழுவை விட்டால் வேறு ஏற்பாடு இங்கே கிடையாது. நான் இன்னமும் அதில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் தூரம். பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்ட பெரிய வீடு. பிரித்துக்கொள்ளவும் முடியாது, ஒருவரே மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளவும் முடியாது. இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும். தேக்குத் தூண், நிலைக்கதவு, பீங்கான் சாடி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும். இந்த வீட்டுப் பங்காளிகள் நல்லவேளையாக அந்த வழிக்குப் போகவில்லை. அறக்கட்டளை வைத்து, வீட்டை ஒட்டியிருந்த கல்யாணக் கொட்டகைக்கு மேடை கட்டி, விளக்குப் போட்டு, முந்நூறு பேர் உட்காரும்படி செய்துவிட்டார்கள். அதற்கு இந்த ஊர் கடமைப்பட்டிருக்கிறது. கீழே நான் சொல்லும் குறைகளையெல்லாம் அதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

குழுவுக்கு ஆள் எடுத்த கதை தனி. அறக்கட்டளை முதலில் தயாரித்த பட்டியலில் ஒரு பேராசிரியர், ஒரு டாக்டர், ஓர் ஆடிட்டர், இரண்டு தொழிலதிபர்கள். எல்லா மேடையிலும் பொன்னாடை வாங்கும் அதே முகங்கள். பட்டியலை வாசித்தபோது அந்த வீட்டு ஆச்சி ஒருவர்தான் குறுக்கிட்டாராம். "நாட்டரசன்கோட்டையில செவ்வாய்ப் பொங்கலுக்கு முதல் பானை யாருதுன்னு சீட்டு எடுத்துத்தானப்பா பாக்குறோம்? பணக்காரன் பானை, ஏழை பானைன்னா பாக்குறோம்? இதுக்கும் சீட்டுப் போடுங்களேன்." சாமி காரியத்தில் சீட்டுக்கு இருக்கும் மரியாதை இங்கே சாதாரணமானது இல்லை. யாராலும் மறுக்க முடியவில்லை. பாதி இடம் பட்டியல்படி, மீதிப் பாதி அரங்க வாசலில் வைத்த பெட்டியில் பெயர் எழுதிப் போட்டவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி என்று முடிவாயிற்று.

சீட்டில் வந்தவர்கள்: திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் ஓர் அண்ணன், மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ரேடியோ செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர், ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அப்புறம் நான். பட்டியல்காரர்களுக்கு எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. எங்களுக்கும்தான். டாக்டர் பக்கத்தில் உட்காரச் சொன்னால் ரேடியோ செட் தம்பி உட்காரவே மாட்டேன் என்றார். "நிக்கிறேன் சார், பழகிருச்சு."

முதல் கூட்டம் வீண். எல்லோரும் யார் யாரைக் கச்சேரிக்குக் கூப்பிடலாம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார்கள். டிவியில் வந்த பெயர்கள், மார்கழியில் சென்னையில் கேட்ட பெயர்கள், மச்சினன் மகள் பெயர். பெரியவர் ஒருவர், ஏ.வி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டிருந்த காலத்துக்குப் போய்விட்டார். நாற்பதுகளின் நடுவில் தொடங்கி, 1948-ல் சென்னைக்கு மாறிப் போகும்வரை அது இங்கேதான் இருந்தது, 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம்தான் என்பதெல்லாம் உண்மை. இந்த ஊரில் எந்தக் கூட்டமும் அந்தக் கதையைக் கேட்காமல் கலையாது என்பதும் உண்மை.

என்னைக் கேட்டால், ஆலோசனைக் குழுவுக்கு முதலில் வரக்கூடாத பேச்சு இந்தக் கலைஞர் பட்டியல். அதற்குத் தனியாக விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும். 1928-ல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமிக்கு ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. வித்வான்களும் ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்து ராக லட்சணம் வரைக்கும் வாதாடியிருக்கிறார்கள். அது நிபுணர்கள் சபை. கண்டக்டரும் காலேஜ் பெண்ணும் அங்கே என்ன பேச முடியும்? ஆனால் அந்த நிபுணர்களுக்குத் தெரியாத ஒன்று எங்கள் கண்டக்டருக்குத் தெரியும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதில் யார் ஏறுவார்கள் என்று.

நிகழ்ச்சி ஆறரைக்கு என்று நோட்டீஸில் போடுவார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் வரத் தாமதம் எல்லாம் போகப் பாட ஆரம்பிக்கும்போது ஏழரை தாண்டிவிடும். எட்டரைக்கு ராகம் சூடு பிடிக்கும் நேரத்தில் பின் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். "ரசனை இல்லாத கூட்டம்" என்று மேடையில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். கண்டக்டர் சொன்னார்: "ரசனை இருக்கு சார். பஸ் இல்ல. 2021-லேருந்து டவுன் பஸ்ஸில பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. அதை நம்பித்தான் பக்கத்து ஊர்லேருந்து கிளம்பி வர்றாங்க. கடைசி வண்டியை விட்டுட்டா ஆட்டோ. ஆட்டோக்காரன் ராத்திரி கேக்குற காசுக்கு அந்தம்மா ரெண்டு நாள் வேலை பாக்கணும்." யாரும் பேசவில்லை. இத்தனை வருஷமாக அந்த எழுந்து போதலுக்கு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த காரணமே தப்பு.

ஆக முதல் பரிந்துரை இப்படி எழுதினோம்: ஆறு மணி என்றால் ஆறு மணிக்குப் பாட்டு. பொன்னாடை எல்லாம் கடைசியில், இருப்பவர்களுக்கு. எட்டரைக்கு முடிக்க வேண்டும். 'செட்டிநாட்டில் இதெல்லாம் நடக்குமா' என்று ஆடிட்டர் சிரித்தார். நடந்துகொண்டுதானே இருக்கிறது? 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் ஆரம்பித்தார். அவர் நடத்திய கம்பன் விழா குறித்த நேரத்தில் தொடங்கிவிடும், தலைவருக்காகக் காத்திருக்காது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நேரம் தவறாமை இந்த ஊருக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

அடுத்தது சத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் அரங்கம் பார்க்க அவ்வளவு அழகு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், கை வைத்தால் வழுக்கும். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். உயரமான கூரை. கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். காது வைத்திருப்பவர்களுக்குத்தான் பாடு. இத்தனை வழவழப்பான பரப்புகளில் சத்தம் எங்கேயும் அடங்காது. சுவரில் பட்டு, தரையில் பட்டு, உத்தரத்தில் பட்டு, ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல்லின் மேல் விழும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் எதிரொலி சுமார் ஒரு நொடிக்குள் அடங்கிவிட வேண்டும். பாட்டு என்றால் இன்னும் கொஞ்சம் நீண்டாலும் காதுக்கு இதம்தான். எங்கள் கொட்டகையில் கை தட்டினால் அது ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும். பட்டிமன்றம் வைத்தபோது நடுவர் சொன்ன நகைச்சுவைக்கு முன்வரிசை சிரித்தது. பின்வரிசை முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தது.

அறக்கட்டளை இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் பெரிய ஸ்பீக்கர். கேட்கவில்லையா, சத்தத்தைக் கூட்டு. ரேடியோ செட் தம்பி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். எழுந்து நடு அரங்கத்துக்குப் போய்ப் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எங்கள் எல்லோரையும் நாற்காலிகளில் நெருக்கி உட்காரச் சொல்லி, பக்கத்தில் நின்று மறுபடி தட்டினார். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. "ஆளும் துணியும் சத்தத்தைக் குடிக்கும் டீச்சர். காலி ஹால்ல மைக் செட் பண்ணிட்டுப் போறவன் சாயங்காலம் ஏமாந்து போவான். இங்க சத்தம் பத்தாம இல்ல. சாஸ்தியா இருக்கு." அவர் கேட்டது பெரிய சாமான் எதுவும் இல்லை. பின்சுவர் முழுக்கத் தடித்த திரை, மடிப்பு மடிப்பாக. பக்கச் சுவர்களில் ஆள் உயரத்துக்குக் கயிற்றுப் பாய். முன்னால் நிற்கும் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதிலாக, நடுவிலும் பின்னாலும் சின்னச் சின்னப் பெட்டிகள், குறைந்த சத்தத்தில். முட்டைச் சுவரை மூடுவதா என்று அறக்கட்டளையில் ஒரே எதிர்ப்பு. போட்டோவில் அழகு போய்விடுமே. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, நிகழ்ச்சி நாளில் மட்டும் தொங்கவிட்டு மறுநாள் கழற்றிவிடும்படி கம்பி போட்டார்கள்.

அப்புறம் மின்விசிறி. வீணைக் கச்சேரி ஒன்று நடந்தது. காரைக்குடி என்றாலே வீணைதான் நினைவுக்கு வரும் ரசிகர்கள் இன்னமும் உண்டு. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் அந்த ஊர்ப் பெயரை அப்படிப் பிரபலமாக்கினார்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார். இளையவருக்கு 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே, பழைய விசிறிகளின் கடகடப்பில் வீணையின் கமகம் காதுக்கு எட்டவில்லை. விசிறியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டுகிறது, போட்டால் தந்தி கேட்கவில்லை. விசிறி மாற்றும் பரிந்துரைக்கு 'நிதி நிலை பார்த்துப் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்திருக்கிறது. அரசாங்க வேலையில் இருந்தவள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையை அறக்கட்டளைக்காரர்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கல்லூரிப் பெண் பரதம் ஆடுகிறவள். அவள்தான் சொன்னாள்: கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, கழிப்பறை அரங்கத்தின் அந்தக் கோடியில். சலங்கை கட்டிக்கொண்டு ஜனங்களுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். தாழ்ப்பாள் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. எண்பது ரூபாய்ச் சாமான். சொல்ல ஆள் இல்லாததால்தான் இத்தனை நாள் வரவில்லை.

மிகப் பெரிய சண்டை ஸ்பெஷல் நாடகத்தால் வந்தது. ஆர்மோனிய அண்ணன் இரண்டாவது கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்: "இந்த மேடையில வள்ளி திருமணம் போட இடம் கொடுப்பீங்களா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பரதம், கர்நாடக இசை, பட்டிமன்றம் எல்லாம் சரி. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிறவரை நடக்கும் நாடகமா? பபூன் வேஷக்காரரும் டான்ஸ் ஆடுகிற பெண்ணும் பேசுகிற பேச்சைக் குடும்பத்தோடு கேட்க முடியுமா? அது கோயில் திடலுக்குச் சரி, அரங்கத்துக்கு எப்படி?

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்துவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் அவர் எழுதிய வள்ளியும் நாரதரும் இந்தப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் தர்க்கம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாசி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் ஆர்மோனிய அண்ணனை வீட்டில் பார்ப்பது கஷ்டம். மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் வள்ளி நாரதரைப் பார்ப்பாள். யார் எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பார்கள், எங்கே மடக்குவார்கள் என்று ஆர்மோனியக்காரருக்குக் காதிலேயே தெரிய வேண்டும். இதைவிடப் பெரிய வித்தை என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சும்மா இருக்கவில்லை, அங்கேயே சொன்னேன்.

ரெண்டு மணி நேரமாகச் சுருக்கிப் போடலாமே என்று பேராசிரியர் நடுநிலையாக ஒரு யோசனை சொன்னார். அண்ணன் சிரித்தார். "எதைய்யா வெட்டுறது? தர்க்கத்தை வெட்டினா நாடகமே இல்ல. பபூனை வெட்டினா ஜனம் இல்ல." பேச்சு நீண்டது. கடைசியில் ஆச்சி கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: "எங்க கல்யாணத்துக்கு இதே கொட்டகையில விடிய விடிய நாயனம் வாசிச்சாக. அப்ப நேரமாச்சுன்னு யாரு சொன்னா?"

ஆதாயம் பார்க்கிற விஷயத்தையும் சொல்ல வேண்டும், சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருப்பவர் தன் மகள் அரங்கேற்றத்துக்கு இடம் கேட்டால்? சொந்தக்காரர் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று விதி போட்டோம். இந்த வட்டாரத்தில் யாருக்கு யார் சொந்தம் இல்லை? ஒரு கூட்டத்தில் பாதிப் பேர் முகப்புத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் விதி நல்ல விதிதான்.

எங்கள் குழுவுக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. பணம் அவர்கள் கையில், சாவி அவர்கள் கையில். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் நகராட்சி நடத்தும் அரங்குகளில் ஊர்க்காரர்கள் மனுப்போட்டுச் சேரும் குழுக்கள் உண்டு, பெரும்பாலும் சம்பளம் கிடையாது, யோசனை மட்டும்தான் சொல்லலாம் என்றான். "அப்ப எதுக்கு பெரியம்மா போறீங்க?" என்றும் கேட்டான்.

ஒரு நோட்டுக்காகத்தான் போகிறேன். லாங் சைஸ் நோட்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவுக்குக் கோடு போடுவது போல நானே கோடு போட்டது. ஒரு பத்தியில் பரிந்துரை, அடுத்ததில் யார் சொன்னார், அடுத்ததில் அறக்கட்டளையின் பதில், கடைசிப் பத்தியில் தேதி. முடியாது என்றால் முடியாது என்று எழுதட்டும், ஆனால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். செயலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர், எங்களை இம்போசிஷன் எழுதச் சொல்றீங்க" என்றார். வாயால் சொன்ன யோசனை காப்பியோடு போய்விடும். நோட்டில் பதில் இல்லாத கட்டம் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் கண்ணிலும் படும். தாழ்ப்பாள், நேரம், திரை மூன்றும் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டிய கூச்சத்தால் நடந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்று ஆகாமல் போனதும் உண்டு: சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டோம். முகப்புப் படிகளை உடைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். பக்கவாட்டு வாசல் வழியாகப் போடலாமே என்று மறுபடி எழுதியிருக்கிறோம்.

நாடகத்துக்கும் பதில் வந்துவிட்டது. மாசியில் ஒரு ராத்திரி, சோதனையாக. காவலாளிக்கு இரட்டைச் சம்பளமும் ஜெனரேட்டர் டீசலும் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். ஆனால் பபூன் காமிக் அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. நோட்டைப் படித்துவிட்டு ஆர்மோனிய அண்ணன் என்னைப் பார்த்தார். "டீச்சர், ஜனம் சிரிச்சுக்கிட்டிருந்தா அவரு எப்படி இறங்குவாரு? கடிகாரத்தை யாரு காட்டுறது?" அதையும் எழுதிக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்குள் செயலாளர் பதில் எழுத வேண்டும்.

இரண்டு பேருக்குத் தவணை முடிகிறது. வாசலில் பெட்டி வைத்தாயிற்று. இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.